போன்ல ஒரு அக்கா, மலைமேல ஒரு புள்ள

போன மாசம் இந்தப் பக்கத்துல, நம்ம நீலகிரி தேயில எஸ்டேட்டுகளுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம்னு வேலைக்கு வந்த குடும்பத்துப் பசங்களுக்கு வெளியூர்ல இருக்கிற படிச்சவங்க போன் வழியா வாராவாரம் பேசி துணையா இருக்கலாமேன்னு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் இந்தத் தடவ பக்கம் முழுக்க ரொம்பிருச்சு, அதனால சமையல் கேள்வி, தோட்டக் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊரு குன்னூர், இப்ப சென்னையில ஐடி வேல. எங்க வீட்டுப் பக்கத்து எஸ்டேட்ல ஜார்க்கண்ட் குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு, ஒன்பதாவது, தமிழ் மீடியம். மூணு வாரமா வீடியோ கால்ல கூப்பிட்டு கணக்கு சொல்லித் தரேன். கேமராவ ஆஃப் பண்ணி வச்சிடுது, எத கேட்டாலும் "ம்" மட்டும் தான் வருது. நான் எங்க தப்பு பண்றேன்?
- வாசகி, சென்னை

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. நீங்க எத்தன மணிக்கு கூப்பிடுறீங்கன்னு எழுதல, ஆனா ஆபீஸ் முடிஞ்சு எட்டு எட்டரைக்கு தான் இருக்கும், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. அந்த நேரத்துல அந்தப் புள்ள எங்க இருக்கும்னு சொல்றேன். லைன் வீடு, அதான் எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு, ஒரு ரூம், அதுலயே அடுப்பு, அப்பா அம்மா ரெண்டு பேரும் கொழுந்து எட போட்டுட்டு நனஞ்சு வந்து உக்காந்திருப்பாங்க, சின்னது ரெண்டு அழுதுட்டு இருக்கும், வீட்டுல இருக்கிறது ஒரே போன், அது அப்பாவோடது, ஊர்ல இருக்கிற பாட்டி கூப்பிட்டாலும் அதுல தான் பேசணும். கேமராவ ஆன் பண்ணா பின்னாடி தெரியறது அந்த ரூம் தான். பதினாலு வயசுப் பொண்ணுக்கு அத சென்னையில இருக்கிற ஒரு அக்காவுக்கு காட்ட மனசு வருமா?

சிக்னல் கதை தனி. பல லைன்ல வீட்டுக்குள்ள டவர் எடுக்காது, தண்ணி டேங்க் மேட்டுக்கோ ரோட்டு வளைவுக்கோ ஏறி வரணும். இருட்டினா அங்க காட்டெருமை நிக்கும், எங்க கோத்தகிரி பக்கம்னா கரடியும் வரும். போன ஐப்பசியில ஒரு நாள் நானே பாத்தேன், நல்ல மழ, ரோட்டோரம் ஒரு பையன் யூரியா சாக்க கொங்காணி மாதிரி மடிச்சு தலையில மாட்டிட்டு, போன சட்டைக்குள்ள விட்டு நெஞ்சோட புடிச்சுக்கிட்டு, காதுல ஒரு பக்கம் மட்டும் வேல செய்யற இயர்போன் வச்சு யாருக்கோ பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிச்சுட்டு இருந்தான். பதினாறு எட்டு நூத்தி இருபத்தெட்டுன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் சரின்னு சொன்னாங்க போல, தனியா நின்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புக்காகத்தான் போன மாசம் அந்தப் பத்தியவே எழுதினேன்.

அதனால நேரத்த மாத்துங்க. எஸ்டேட்டுக்கு ஞாயித்துக்கிழம லீவு, ஆனா காலையில குளிக்கிறது துவைக்கிறது, அப்புறம் சாமான் வாங்க பஜாருக்கு போறதுன்னு இருக்கும், எது தோதுன்னு அம்மாகிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க, முடிவு பண்ண நேரத்த மட்டும் மாத்தாதீங்க. வீடியோ வேணாம், வெறும் குரல் போதும். கூப்பிட முடியாத நாள்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அது டவர் கெடைக்கிறப்ப போய் சேரும், அவளும் பத்து தடவ கேட்டுப் பாத்து புரிஞ்சுக்கலாம், பதில் தப்பாயிடுமோங்கிற பயமும் இருக்காது, பேசி அழிச்சு மறுபடி பேசி அனுப்பலாம்.

அப்புறம் முக்கியமா, மொத மாசம் கணக்க கொஞ்சம் ஓரமா வைங்க. அவ பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க கத்துக்கிறவளா மட்டும் இருக்கா, தெரியாதவளா இருக்கா. உங்ககிட்டயாவது அவ சொல்லித் தரட்டும். வீட்டுல என்ன பாஷன்னு கேளுங்க, ஜார்க்கண்ட்னா எல்லாம் ஹிந்தின்னு நாம நெனச்சுக்கிறோம், அது சந்தாலியா இருக்கலாம், முண்டாரியா, சாத்ரியா, குரூக்கா இருக்கலாம். குரூக் நம்ம தமிழுக்கு சொந்தக்கார பாஷ, திராவிடக் குடும்பத்துல ஒண்ணு. கண்ணுக்கு அவங்களும் கன்னு தான் சொல்றாங்க, அந்தக் க மட்டும் கொஞ்சம் தொண்டையில இருந்து வரும். இத ஒரு குரூக் பேசற பொண்ணுகிட்ட நான் சொன்னப்ப அவ கண்ணத் தொட்டு காமிச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லிப் பாத்தா, அன்னைக்கு அப்புறம் அவளுக்கு தமிழ் வேத்து பாஷையா இல்ல, அவ முகத்துலயே தெரிஞ்சது.

போன்ல இதெல்லாம் நடக்குமான்னு சந்தேகம் வேணாம். 2020ல கொரோனாவுல இத்தாலியில ஸ்கூல் எல்லாம் மூடினப்ப, மிக்கேலா கர்லானா, எலியானா லா ஃபெராரான்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க, காலேஜ் படிக்கிற பசங்கள வச்சு வசதி இல்லாத வீட்டு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு போன், டேப்லெட், கம்ப்யூட்டர் வழியா வாரம் மூணு மணி நேரம் இலவசமா சொல்லிக் கொடுக்க வச்சாங்க. மார்க்கும் ஏறுச்சு, மனசும் தெளிஞ்சுது, அதுலயும் அந்த மன நிம்மதி விஷயத்துல வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறின வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பலன் இன்னும் அதிகமா இருந்துச்சு. சொல்லிக் கொடுத்தவங்க யாரும் அனுபவப்பட்ட வாத்தியாருங்க இல்ல, சம்பளமில்லாம வந்த காலேஜ் பசங்க தான். அதனால நீங்க தாராளமா தொடருங்க.

கேள்வி: இதுக்கு எந்த ஆப் நல்லது?
- வாசகர், ஊட்டி

பதில்: அவங்க போன்ல ஏற்கனவே இருக்கறது தான் நல்லது, பெரும்பாலும் அது வாட்ஸ்அப். பாடத்துக்கு தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துலயே க்யூஆர் கோடு இருக்கு, மத்திய அரசோட பாட ஆப் திக்‌ஷாவுல ஸ்கேன் பண்ணா வீடியோ வரும். மாநில அரசோட மணற்கேணி ஆப்பும் இருக்கு. அம்மா அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னா கூகுள் ட்ரான்ஸ்லேட்ல 2024ல சந்தாலியையும் சேர்த்துட்டாங்க, மத்திய அரசோட மொழிபெயர்ப்பு ஆப் பாஷினியும் பாக்கலாம். ஆனா உடம்பு சரியில்ல, பணம், படிப்ப நிறுத்தறதுன்னு பெரிய பேச்செல்லாம் மெஷின நம்பி பேசாதீங்க, லைன்லயே ரெண்டு பாஷையும் பேசற ஆள் ஒருத்தராவது இருப்பாங்க, அவங்கள கூப்பிட்டு வச்சு பேசுங்க.

கேள்வி: நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம், மூணு தலமுற ஆச்சு, தாத்தா வந்தப்ப கம்பளியும் கையுமா கொண்டு வந்து விட்டாங்க, எங்களுக்கு யாரும் போன் பண்ணல, லெட்டர் போடல, எங்க வீட்டுப் பசங்க இன்னிக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குத்தான் போறாங்க. நேத்து வந்த வடநாட்டுக்காரங்க மேல மட்டும் உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கற? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க.
- வாசகர், பந்தலூர்

பதில்: தப்பாவே நெனைக்கல தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் ரெண்டு நாள் தூங்கல. நானும் நீங்க சொல்ற அதே கூட்டத்துல ஒருத்தி தான். 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்க பிரதமர் சிறிமாவும் கையெழுத்து போட்டாங்க, அங்க இருந்த இந்திய வம்சாவளிக்காரங்கள்ல அஞ்சேகால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கணும், மூணு லட்சம் பேர இலங்க வச்சுக்கணும்னு கணக்கு. மீதி ஒன்றர லட்சத்த 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. மூட்ட பிரிக்கிற மாதிரி மனுஷங்கள பிரிச்ச கணக்கு அது, போறியா இருக்கியான்னு எங்க ஆத்தாவ மனசு விட்டு கேட்ட ஆள் யாரும் இல்ல. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் லாரியில இந்த மலைக்கு. நம்மளுக்காகத்தான் 1968ல அரசாங்கம் இங்க தேயில போட ஆரம்பிச்சுது, அது தான் பின்னாடி டான்டீங்கிற அரசு தேயிலக் கழகம் ஆச்சு, உங்களுக்குத் தெரியாததில்ல.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. நம்ம பாஷ தமிழ், வந்த ஊரும் தமிழ், ஆனா பள்ளிக்கூடத்துல நான் கதிரன்னா சிரிப்பாங்க, நாற்காலின்னு சொல்லணுமாம். பிரட்ட பாண்னா சிரிப்பாங்க, பேனாவ பேனைன்னா சிரிப்பாங்க. சிலோன்காரின்னு தான் பேரு, என் சொந்தப் பேர அந்த ஸ்கூல்ல ரெண்டு வருஷம் யாரும் கூப்பிட்டதில்ல. வாய மூடிட்டு கடைசி பெஞ்சுல உக்காந்துட்டேன். இப்ப சென்னை தங்கச்சி எழுதியிருக்காங்களே, அந்தப் பொண்ணு "ம்" மட்டும் சொல்லுதுன்னு, அந்த "ம்" எனக்கு நல்லா தெரியும்.

ஆனா யாரும் லெட்டர் போடலன்னு சொன்னீங்க பாருங்க, அங்க மட்டும் எனக்கு நடந்தது வேற. ஆறாவதுல ஒரு டீச்சர் வந்தாங்க, ஒரே வருஷம் தான், அப்புறம் கீழ்நாட்டுக்கு மாத்தலாகி போய்ட்டாங்க. போறப்ப பத்து இன்லேண்ட் லெட்டர், அவங்க அட்ரஸ அவங்களே எழுதி என் கையில குடுத்தாங்க. மாசம் ஒண்ணு எழுது, எத வேணா எழுதுன்னாங்க. நான் எழுதினத அவங்க ஒரு நோட்டுல காப்பி எடுத்து, தப்பெல்லாம் பச்ச மையில சுத்தி, அவங்க லெட்டரோட வச்சு கவர்ல அனுப்புவாங்க. கதிரைய மட்டும் அவங்க சுத்தினதே இல்ல. பக்கத்துல, இது நல்ல சொல், உங்க ஊர்ச் சொல், பரிட்சையில மட்டும் நாற்காலின்னு எழுதுன்னு எழுதியிருந்தாங்க. பத்தாவது முடிக்கிற வரைக்கும் வந்துச்சு அந்த லெட்டர். நான் இன்னிக்கு இந்தப் பக்கத்த எழுதறேன்னா அந்தப் பச்ச மையால தான்.

இப்ப அதையே போன்ல பண்ணுங்கன்னு தான் கேக்கறேன், வேற ஒண்ணும் புதுசா சொல்லல. நம்ம பசங்களுக்கு வேணாம்னும் சொல்லல. திருப்பூர்ல இருக்கிற உங்க வீட்டுப் பசங்க எல்லாரும் அங்க போனதால தான் இங்க கொழுந்து பறிக்க ஆளில்லாம ராஞ்சி பக்கத்துல இருந்து வர வச்சாங்க, அவன் ஊர விட்டதுக்கும் நம்ம பையன் ஊர விட்டதுக்கும் காரணம் ஒரே கூலி தான். நீங்க ஒண்ணு பண்ணுங்களேன், திருப்பூர்ல இருக்கிற தம்பிங்க பேரும் வயசும் அனுப்புங்க, ஐடிஐயோ டிப்ளமோவோ படிக்க ஆச இருந்தா அவங்களுக்கும் ஆள் தேடுவோம். இது வாய்ப்பேச்சு இல்ல, நெஜமா அனுப்புங்க.

கேள்வி: பக்கத்து லைன்ல ஒரு பையனுக்கு பத்து வயசு, டிசி இல்ல, ஆதார்ல பிறந்த தேதி தப்புன்னு சொல்லி சேர்க்க யோசிக்கிறாங்க. என்ன செய்யறது?
- வாசகி, கூடலூர்

பதில்: 2009 கல்வி உரிமைச் சட்டத்துல தெளிவா இருக்குங்க, ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும் டிசி வர லேட்டாகுதுன்னோ வயசுக்கு அத்தாட்சி இல்லன்னோ சேர்க்காம இருக்க முடியாது, வயசுக்கு ஏத்த வகுப்புல தான் உக்கார வைக்கணும், மத்த பசங்களோட சமமா வர்றதுக்கு தனிப் பயிற்சியும் குடுக்கணும். பத்து வயசுப் பையன ஒண்ணாவதுல போட்டா ஒரே மாசத்துல வெக்கப்பட்டு நின்னுடுவான். ஹெட்மாஸ்டர்கிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, நடக்கலன்னா கல்வித்துறையோட 14417க்கு போன் பண்ணுங்க. போன்ல துணையா இருக்கிறவங்க செய்யக்கூடிய பெரிய உதவியே இது தான், அப்பா அம்மாவுக்கு பாஷ தெரியாது, நீங்க அந்த ஒரு போன பண்ணிடுங்க.

கேள்வி: நான் கோவையில பி.எட். படிக்கிறேன். கோத்தகிரி பக்கத்து ஒடிசா பையனுக்கு நாலு மாசமா பேசிட்டு இருந்தேன். இப்ப எக்ஸாம், அப்புறம் கல்யாணம் பேசறாங்க. மெதுவா கால குறைச்சுட்டே வந்து நிறுத்திடலாம்னு இருக்கேன், அவனுக்கு ஒண்ணும் தோணாதில்ல?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தோணும்மா. கண்டிப்பா தோணும். மெதுவா குறைக்கிறது தான் இருக்கறதுலயே மோசமான வழி. அவன் ஞாயித்துக்கிழம பதினொரு மணிக்கு மேட்டுல போய் நிப்பான், போன் வராது, டவர் இல்லன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் மேல ஏறுவான்.

அமெரிக்காவுல 2002ல ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஒரு பெரியவர ஒரு புள்ளையோட சேர்த்து விடுற பழைய அமைப்பு ஒண்ணு அங்க இருக்கு, அதுல சேர்ந்த பிள்ளைகள வச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்ச உறவுல தான் நல்லது அதிகம் நடந்திருக்கு, ஆரம்பிச்ச சில மாசத்துலயே அறுந்து போனதுல புள்ளைங்களுக்கு தன் மேல இருந்த மதிப்பே முன்னவிட குறைஞ்சு போயிருக்கு. யாருமே வராம இருந்தத விட, வந்துட்டு போனது அதிகமா வலிச்சிருக்கு. ஏற்கனவே ஊரு, பாட்டி, கூட்டாளி எல்லாத்தையும் விட்டுட்டு வந்த புள்ளைக்கு இன்னும் ஒருத்தர் சொல்லாம போனா எப்படி இருக்கும்?

உங்க நெலமையும் எனக்கு புரியுது, பொண்ணுங்களுக்கு கல்யாணம்னு வந்தா போன் கூட நம்ம கையில இருக்காது சில நேரம். அதனால வாரம் ஒரு மணி நேரத்த மாசம் ரெண்டு தடவ இருபது நிமிஷமா ஆக்குங்க, ஆனா எந்த தேதின்னு அவன்கிட்ட சொல்லி காலண்டர்ல குறிக்கச் சொல்லுங்க. அதுவும் முடியாதுன்னா உங்க கூட படிக்கிற ஒருத்தர ரெண்டு மூணு கால்ல உங்களோட சேர்த்து உக்கார வச்சு பழக்கி விட்டுட்டு, எதனால போறேன்னு உண்மைய சொல்லி, அவன்கிட்ட நீங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னும் சொல்லிட்டு போங்க. என் டீச்சருக்கு ஒரு வருஷம் டைபாய்டு வந்துச்சு, அப்ப கூட வேற யாரோ கையெழுத்துல ரெண்டு வரி வந்துச்சு, உடம்பு சரியில்ல, அடுத்த மாசம் எழுதறேன்னு. அந்த ரெண்டு வரி லெட்டர் இன்னும் என்கிட்ட இருக்கு.

புதுசா ஆரம்பிக்க போறவங்களும் இத படிச்சுக்கோங்க. ஒரு வருஷம் முடியும்னா மட்டும் பேர் குடுங்க. நாலு புள்ளைக்கு ஆறு மாசம் வேணாம், ஒரு புள்ளைக்கு ஒன்றர வருஷம் வேணும். முடிஞ்சா சீசன்ல ஊட்டிக்கு வர்றப்ப ஒரு தடவ லைனுக்கு போய் அவங்க வீட்டுல கட்டஞ்சாயா குடிச்சுட்டு வாங்க. நியூயார்க்ல 1999ல இருந்து நடக்கிற ஐமென்டர்ங்கிற, இதே மாதிரி பெரியவங்கள பிள்ளைங்களோட சேர்த்து விடுற அமைப்புலயும் கம்ப்யூட்டர் வழியா எழுதிக்கிறதோட நேர்லயும் பாத்துக்க வைக்கிறாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கிட்ட போன்ல தெரியாத ஆள் பாடம் சொல்லித் தரேன்னா எப்படி நம்பறது? நாங்க எஸ்டேட்ல தான் வேல.
- ஒரு அம்மா, குன்னூர்

பதில்: நம்பாதீங்கம்மா, மொதல்ல விசாரிங்க. ஸ்கூல் வழியாவோ நீங்க அறிஞ்ச ஆள் வழியாவோ வராத யார் நம்பரும் வேணாம். பேசறது உங்க போன்ல, உங்க காதுல விழுற எடத்துல, பகல்ல. பொம்பளப் புள்ளைக்கு பொம்பள ஆளா கேளுங்க. பொண்ணோட போட்டோ, அட்ரஸ், ஆதார் யாரும் கேக்கக் கூடாது, பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கிற பிள்ளைங்க விவரத்த எந்த ஆப்போ நிறுவனமோ வாங்கணும்னாலும் பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023 தரவு பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. இத யாருக்கும் சொல்லாதேன்னு ஒரு வார்த்த வந்தா அன்னிக்கே பிளாக் பண்ணிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு கூப்பிடுங்க, பணம் கிணம் போச்சுன்னா சைபர் குற்றப் புகாருக்கு 1930.

துணையா பேசறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். புள்ள உங்கள நம்பி தப்பான விஷயம் எதுனா நடந்துச்சுன்னு சொன்னா, ரகசியமா வச்சுக்கிறேன்னு வாக்கு குடுத்துடாதீங்க. பிள்ளைங்க மேல நடக்கிற பாலியல் குத்தத்துக்கான 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும். இத மொத நாளே புள்ளைக்கு பக்குவமா சொல்லி வச்சுடுங்க, அப்புறம் ஏமாத்திட்டீங்கன்னு நெனைக்கக் கூடாது.

கேள்வி: (வாய்ஸ் மெசேஜ்ல வந்தது) அக்கா வணக்கம். நான் அஞ்சாவதுல இருந்து இங்க கவர்மென்ட் ஸ்கூல். இப்ப பத்தாவது. வீடு ஜார்க்கண்ட். நாங்க அங்க எஸ்டி, இங்க சர்டிபிகேட் கெடைக்காதுன்னு சொல்றாங்க. அப்பா ஊருக்கு போலாம்னு சொல்றாரு. எனக்கு நர்சிங் படிக்கணும். தமிழ் தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.
- மாணவி, கோத்தகிரி

பதில்: உன் தமிழ்ல ஒரு தப்பும் இல்ல கண்ணு, நான் மூணு தடவ கேட்டேன்.

சர்டிபிகேட் பத்தி அவங்க சொன்னது உண்மை தான். ஒரு மாநிலத்துல எஸ்டியா இருக்கிறவங்க பொழப்புக்காக வேற மாநிலம் போனா அங்க அந்த இடஒதுக்கீடு கேக்க முடியாதுன்னு 1990ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. அது கஷ்டமா தான் இருக்கு, எனக்கும் அது சரின்னு தோணல. ஆனா மத்திய அரசு வேலைக்கும் மத்திய அரசு காலேஜுக்கும் உன் ஊர் சர்டிபிகேட் செல்லும், அதனால அப்பா அடுத்த தடவ ஊருக்கு போறப்ப அவரோடதும் உன்னோடதும் வாங்கிட்டு வரட்டும், லேமினேட் பண்ணாம பத்திரமா வை.

இன்னொன்னு. தமிழ்நாட்டுல ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா புதுமைப்பெண் திட்டத்துல வருது, 2022ல ஆரம்பிச்சாங்க. நீ ஆறாவதுல இருந்தே இங்க தான், இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே முடிச்சா உனக்கு கெடைக்க வழி இருக்கு, நடுவுல ஊருக்கு போய்ட்டா அந்த ஏழு வருஷக் கணக்கு அறுந்துடும். இத அப்பாகிட்ட சொல்லு. நர்சிங்னா பதினொன்னாவதுல பயாலஜி இருக்கிற குரூப் எடுக்கணும், உங்க ஸ்கூல்ல அது இருக்கான்னு இப்பவே கேட்டு வை, இல்லன்னா பக்கத்துல எந்த ஸ்கூல்ல இருக்கு, பஸ் எத்தன மணிக்குன்னும் பாக்கணும்.

குன்னூர்ல ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா போன மாசமே பேர் குடுத்திருக்காங்க, ஹிந்தியும் நல்லா பேசுவாங்க. ஒரு வருஷம் முடியுமான்னு கேட்டேன், நீ வேலைக்கு சேர்ற வரைக்கும்னு சொன்னாங்க. அவங்க நம்பர உங்க கிளாஸ் டீச்சர் வழியா அனுப்பியிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழம காலையில பதினொரு மணிக்கு கூப்பிடுவாங்க. அப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோ, மொதல்ல அவர்கிட்ட தான் பேசணுமாம்.